மூடிக்குள் வெள்ளை நுரை

தன் அக்காவின் காரில் எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார் மெக்கானிக். உள்ளே பால்போல நுரை. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினையே பிரிக்க வேண்டிவரலாம்.

ஆனால் மூன்று நாளைக்கு முன், தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க ரேடியேட்டர் டப்பாவில் அவர் போட்ட கோட்டிலிருந்து தண்ணீர் இம்மியும் இறங்கவில்லை. பிறகு எண்ணெயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முப்பது வருடமாக, பழுது எதுவானாலும் முதலில் வண்டிக்காரரைத் திட்டித்தான் அவருக்குப் பழக்கம்.

"உண்மையச் சொல்லுக்கா, வெள்ளத்துல விட்டியா?"

"வாசலத் தாண்டவே இல்லடா. தினமும் அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சுடுவேன்."

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. சரியாகச் சூடேறாத எஞ்சினில் ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்கி எண்ணெயோடு நுரைத்துவிடும்.

"எந்த மடையன் உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தான்?" என்று கத்தினார்.

அக்கா அவரையே பார்த்தாள்.

"நீதாண்டா. தினமும் ஓடவிடலன்னா பேட்டரி செத்துடும்னு."