உபயம் எழுதிய சுவர்

டுரியான் துங்கால் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாயாண்டி அண்ணன் பால் வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையில் சாயக்காரர். மாரியம்மன் கோயில் சுவரில் இருந்த சாமிகளெல்லாம் அவர் வரைந்ததுதான். ஒவ்வொரு சாமிக்கும் அடியில், சாயம் கொடுத்தவர் பெயரை ‘உபயம்’ என்று போட்டு எழுதிவிடுவார். எழுதாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

1994இல் தோட்டத்தைக் கோல்ஃப் திடலுக்கு விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்தால் டவுன் தாமான் குடியிருப்பில் மலிவு வீடு தருவதாகப் பேச்சு. எப்போது என்று கேட்டால் ஒருவனும் வாய் திறக்கவில்லை. மாயாண்டி அண்ணனுக்கு வந்ததே கோபம்! ரோட்டைப் பார்த்த லயத்துச் சுவர் முழுக்க வரைந்துவிட்டார். பால் வாளியோடு எங்கள் சனங்கள், அவர்கள் தலைக்கு மேல் கோல்ஃப் மட்டையை ஓங்கிய துரை. பஸ்ஸில் போனவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் பழக்கம் விடுமா? வீட்டில் மிஞ்சிய சாயத்தைக் கொண்டுவந்து கொடுத்த பதினொரு பேரின் பெயரையும் கீழே உபயம் என்று எழுதினார். முதல் பெயர் அவருடைய தங்கை குஞ்சம்மா. புருஷன் செத்தபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த மலிவு வீட்டைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

கோல்ஃப் கம்பெனி ஆள் ஒருவன் சுவரைப் படம் பிடித்துத் தோட்ட ஆபிசுக்குக் கொண்டுவந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டான். சாமி படத்துக்கு எழுதுகிற மாதிரிதானே என்று நினைத்து, மடையன் நான், பதினொன்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவன் எழுதிக்கொண்டான்.

அடுத்த மாதம் ஆபிஸ் பலகையில் ஒட்டிய, வீடு கிடைப்பவர்கள் பட்டியலில் அந்தப் பதினொரு பேரும் இல்லை.

குஞ்சம்மா அண்ணனிடம் ஓடிவந்தாள். “எம்பேர அழிச்சிடுண்ணே. அழிச்சா குடுத்தாலும் குடுப்பாங்க. பிள்ளைங்கள எங்கண்ணே கொண்டுபோய் வைப்பேன்?”

அவர் பெயரை மட்டும் அழிக்கவில்லை. சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். அடித்துவிட்டு, கைகூட கழுவாமல் என்னிடம் வந்தார்.

“கிராணித் தம்பி, சுவரு சுத்தமாயிடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி. தங்கச்சிக்கு மட்டுமாவது கேளுங்க.”

கேட்டேன். பட்டியல் முடிந்துவிட்டதாம். குஞ்சம்மா பிள்ளைகளோடு தங்கா பத்து ஊரில் யாரோ வீட்டுப் பின்னறைக்குப் போனாள். அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

லயத்தை இடித்த அன்று மாயாண்டி அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எந்தப் பாவி எங்க பேர படிச்சுக் குடுத்தானோ தெரியல. நீங்க ஒருத்தராவது எங்களுக்காகப் போய்ப் பேசுனீங்க தம்பி.”

நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.