தைஸ்தோ நகர்ந்து நின்ற சனிக்கிழமை

தைஸ்தோவைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான். வளர்ந்து பால் லாரி ஓட்டப் போனான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன்களை ஏற்றி வர வேண்டும். கேன்கள் பதில் எதிர்பார்க்காது, அதனால்தான் உனக்கு இந்த வேலை ஒத்துப்போகிறது என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான், அதோடு சரி.

கோடையில் சனிக்கிழமை தவறாமல் ஜோடி ஜோடியாக நடனமாடும் ஏரிக்கரை ஆட்டக் கொட்டகைக்கு வந்துவிடுவான். நான் அங்கே காபியும் ஏலக்காய் ரொட்டியும் விற்கிறேன். கடையிலிருந்து பார்த்தால் கொட்டகை முழுக்கத் தெரியும். ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச்சுவரோரம். ஆண் போய்த் தலை குனிந்து அழைக்க வேண்டும், இரண்டு பாட்டு ஆட வேண்டும், பிறகு அவள் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். அழைத்தவரை வேண்டாமென்று சொல்வது எங்கள் ஊரில் மகா மரியாதைக் குறைவு. இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் இந்த மனிதன் அழைக்க மாட்டான். தூணை ஒட்டி நின்று, எதிர்ச்சுவரோரம் நிற்கும் சிர்க்கா என்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் திரும்பினால் சட்டென்று மேடையில் அக்கார்டியன் வாசிப்பவரைப் பார்ப்பான்.

சிர்க்கா பல் டாக்டரிடம் உதவியாளர். அவளும் அதிகம் பேசமாட்டாள். ஒரு குளிர்காலத்தில் தைஸ்தோ பல்வலி என்று அங்கே போனான். ஒரு பல்லிலும் பழுதில்லை. ஆனாலும் சிர்க்கா அவன் வாயில் பஞ்சை வைத்து, விளக்கைத் திருப்பி, பக்கத்திலேயே நின்றாளாம். அவள் முன்னால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான், அதிலும் பஞ்சு.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு அந்தக் கோடையில், சிர்க்காவும் அக்காவோடு ஸ்வீடனுக்கு, கார் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தது. அப்போது எங்கள் ஊரே பாதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசி ஆட்டம்தான் அவளுக்கும் கடைசி, மறுநாள் காலையில் கப்பல். அன்றைக்குத் தைஸ்தோ புதுச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு என் கடைக்கு வந்தான். காபியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இன்னைக்குக் கேட்டுடறேன், ஹில்மா," என்றான்.

"கேளு. கேக்கலன்னா இனிமே உனக்கு இங்க காபி கிடையாது."

பாட்டுகள் ஒவ்வொன்றாய்ப் போயின. யார் யாரோ சிர்க்காவை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்டார்கள். இவன் தூணை விட்டு அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேருக்குச் சர்க்கரை போடாமலே காபி கொடுத்தேன்.

பிறகு மேடைக்கு மேலே பலகையில் விளக்கு எரிந்தது. அது எரிந்தால், அணைகிறவரை பெண்கள்தான் ஆண்களை அழைக்க வேண்டும். சிர்க்கா சுவரை விட்டுக் கிளம்பினாள். தரையைக் குறுக்கே கடந்து நேராகத் தூணைப் பார்த்து வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. நான் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

தைஸ்தோவுக்குப் பின்னால் மர அறுப்பு ஆலை ஓலவி நின்றிருந்தான். ஆள் பார்க்க நன்றாயிருப்பான், பெண்கள் வழக்கமாக அவனைத்தான் தேடிப் போவார்கள். தைஸ்தோ வருகிறவளைப் பார்த்தான். திரும்பி ஓலவியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

சிர்க்கா அப்படியே நின்றாள். ஊர் பார்க்கத் தரையைக் கடந்து வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாது. இப்போது எதிரில் நின்ற ஓலவிக்குத் தலை குனிந்தாள். அவனாலும் மறுக்க முடியாது. இரண்டு பாட்டு ஆடினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவள் என் கடைக்கு வந்தாள்.

"அவருக்கு என்னைப் பிடிக்காதுன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு," என்றாள்.

"பிடிக்காதா? ஒண்ணுமில்லாத பல்லுக்கு உன்கிட்ட வைத்தியம் பார்க்க வந்தவன்மா அவன்."

"பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. என்னைப் பார்க்கத்தான் வந்தாருன்னு அன்னைக்கே எனக்குத் தோணுச்சு."

"அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாமே."

"அதுக்குத்தானே இன்னைக்கு நடந்து வந்தேன்," என்றாள். வெளியே ஊருக்குத் திரும்புகிற பஸ் ஒலி எழுப்பியது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டு நான் தைஸ்தோவிடம் ஓடினேன். அவள் உன்னிடம்தான் வந்தாள், அவளே சொன்னாள், பஸ் கிளம்பப் போகிறது, ஓடு என்றேன். அவனுக்கு அது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரமானது. பிறகு ஓடினான். அந்த அவசரத்திலும் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஓடினான். பைன் மரங்கள் மறைத்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தவனிடம் என்னடா சொன்னாய் என்று கேட்டேன்.

"தொப்பியைத் தூக்கினேன்."

"அவ?"

"ஜன்னல்லேர்ந்து கையைத் தூக்கினா."

"அப்புறம்?"

"பஸ் போயிடுச்சு."

மரியாதைக்குத் தொப்பியைத் தூக்கினானாம்! கெட்டிலில் இருந்ததை அவன் தலையில் கொட்டலாம் போலிருந்தது. ஆனால் கோப்பையில் ஊற்றித்தான் கொடுத்தேன். பிறகு ஒருநாள் சிர்க்காவின் முகவரி வாங்கித் தருகிறேன் என்றபோது, என்னவென்று எழுதுவது என்று கேட்டான். அவன் நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டான். கடைசிவரை ஒரு வரியும் எழுதவில்லை. சிர்க்கா திரும்பி வரவில்லை. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இப்போதும் சனிக்கிழமை வருகிறான். தலை நரைத்துவிட்டது. பலகை விளக்கு எரிந்ததும் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்து நிற்பான். பின்னால் இருக்கிறவனைத் தேடி வரும் பெண்கள் கொஞ்சம் நகருங்கள் என்பார்கள். நகரமாட்டான். சுற்றிக்கொண்டு போவார்கள். மரியாதை தெரியாத கிழவன் என்று புதிதாக வந்தவர்கள் என்னிடமே வந்து குறைப்படுகிறார்கள். நான் காபியைக் கொடுத்து அனுப்புகிறேன். விளக்கு அணைகிறவரை அவன் யாருக்கும் வழிவிடுவதில்லை.