சொல்லாமல் வைத்திருந்த பெயர்

எண்பதுகளின் பிற்பகுதியில் இது நடந்தது. பாரிஸில் லா ஷப்பெல் பக்கம், நானும் என் மகளும் அண்ணனும் ஒரே அறையில் குடியிருந்த காலம். ரூ காய் தெருவில் இப்போது இருப்பது போல் அன்று கடைக்குக் கடை தமிழ் இல்லை. கறிவேப்பிலை வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் தெரிந்த முகங்கள் எல்லாம் ஒரே கடைக்குள் நிற்கும். அண்ணன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். நான் காலையில் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் மண்டபத்தைக் கூட்டித் துடைப்பேன். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர் என்பதால் கிடைத்த வேலை அது.

மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் பிரெஞ்சுக்காரி. எனக்குப் பிரெஞ்சு படிப்பித்தவரும் அவர்தான். புதன்கிழமை பின்னேரங்களில் அவர் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார். அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் சிலரும் யூதர்கள் சிலரும் ஒரே மேசையில் இருந்து பழைய ஏற்பாட்டைப் படிப்பார்கள். யூதர் ஒருவர் எபிரேய மொழியில் வாசிக்க, கிறிஸ்தவர் ஒருவர் அதே பகுதியைப் பிரெஞ்சில் வாசிப்பார். பிறகு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் மல்லுக்கட்டுவார்கள். எங்கள் ஊரில் வேதாகமம் என்பது சுவாமியார் வாசிக்க, நாங்கள் பக்தியாகவோ அரைத் தூக்கத்திலோ கேட்டுக்கொண்டிருப்பது. அதை வைத்துச் சண்டை பிடிக்கலாம் என்று நான் அங்கேதான் கண்டேன். பிரெஞ்சு காதில் விழட்டும் என்று சிஸ்டர் என்னையும் வந்து இருக்கச் சொன்னார். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் நாலு வயது மகளும் என்னோடு வந்து ஒரு மூலையில் படம் கீறிக்கொண்டிருப்பாள்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பஸ்ஸில் போன அவரை ராணுவம் இறக்கிக் கொண்டுபோனது. ஏறி இறங்காத முகாம் இல்லை. ஒரு தகவலும் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன் எங்கள் இருவரையும் பாரிஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

கணவரின் பெயரை நான் ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது எங்கள் வீட்டு வளர்ப்பு. நாங்கள் கத்தோலிக்கர் என்பதால் இதில் ஒரு மாற்றமும் இல்லை. அகதி விசாரணையில் அதிகாரி கேட்டபோதும், கலியாணப் பதிவில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். மொழிபெயர்க்க வந்த தமிழர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். கணவர் காணாமல் போன பிறகு இந்தப் பழக்கம் எனக்குள் இன்னும் இறுகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் பெயர் சொல்லிச் செபிப்பார்கள். அவருடைய பெயரையும் கொடுக்கச் சொல்லி அண்ணன் பலமுறை கேட்டார்.

"பேரைச் சொன்னால் என்ன, வானம் இடிஞ்சு விழுமே?" என்றார் ஒருநாள்.

"வேண்டாம் அண்ணை. நீங்களும் சொல்லாதேங்கோ. அவர் இருக்கிறார்," என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணனும் சொல்வதில்லை. வீட்டில் என் கணவர் 'பிள்ளையின் தகப்பன்' ஆகிவிட்டார்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். என்னையும் ஒருமுறை வாசிக்க வைக்க வேண்டும் என்று சிஸ்டருக்கு ஆசை. எரிந்தும் கருகாத முட்செடியின் முன் நின்று மோசே கடவுளிடம் பெயர் கேட்கும் பகுதியை எனக்குத் தந்தார். அந்தக் கிழமை முழுவதும் சட்டி பானை கழுவும்போதும் அதையே பாடமாக்கினேன். எங்கள் தமிழ் வேதாகமத்தில் 'ஆண்டவர்' என்று இருக்கிற இடத்தில், சிஸ்டரின் பிரெஞ்சுப் புத்தகத்தில் 'யாவே' என்று அச்சிட்டிருந்தது. எனக்குப் புதுச் சொல். அழகாகவும் இருந்தது. நாக்கு சுளுக்காமல் சொல்லக்கூடியதாக அந்தப் பக்கத்தில் இருந்ததே அது ஒன்றுதான்.

வாசித்தேன். அந்தச் சொல் வந்ததும் மேசையில் ஒரு அசைவு. எனக்கு எதிரே ஒரு யூதப் பெண் இருந்தார். மருந்துக்கடையில் வேலை செய்பவர், நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், முகத்தில் சிரிப்பைக் காண்பது அரிது. அவர் மெதுவாக "நோன்" என்றார், வேண்டாம் என்று. உச்சரிப்புத்தான் பிழையாக்கும் என்று நான் நினைத்தேன். ஆகவே இன்னும் தெளிவாக, இன்னும் உரக்க, அதே சொல்லைத் திரும்பச் சொன்னேன். அந்தப் பெண் தன் புத்தகத்தை மூடிவிட்டார். அவரோடு வந்த மற்றவர்களும் மூடினார்கள்.

சிஸ்டரின் முகம் சிவந்து போயிற்று. பிழை தன்னுடையது, முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு எனக்கு விளக்கினார். அது கடவுளின் பெயர். யூதர்கள் அதை எழுதுவார்கள், கண்ணால் பார்ப்பார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த இடம் வந்தால் 'ஆண்டவர்' என்று வாசித்துவிட்டுக் கடந்து போவார்கள். அந்த மேசையில் கிறிஸ்தவர்களும் அப்படியே செய்வது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொண்டார்களாம். மற்றவர்கள் வாசிக்கும்போது என் கண் புத்தகத்தில் இல்லாததால் எனக்கு அது பிடிபடவில்லை.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து முதன்முறையாக ஒரு விஷயம் எனக்கு முழுதாக விளங்கியது. கையில் இருந்த பிரெஞ்சை எல்லாம் கூட்டி, நானும் இப்படித்தான், என் கணவரின் பெயரை நான் சொல்வதில்லை என்றேன். அப்படியானால் அவரை எப்படிக் கூப்பிடுவாய் என்று ஒருவர் கேட்டார். 'இஞ்சருங்கோ', அதாவது இங்கே பாருங்கள், என்று சொல்லிக் காட்டினேன். மேசையே சிரித்தது. மூடிய புத்தகங்கள் திறந்தன.

மருந்துக்கடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கணவர் எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். மூலையில் இருந்த மகளைக் காட்டி, இவளுக்குத் தகப்பனின் பெயர் தெரியுமா என்று கேட்டார். அவர் வந்ததும் தெரிந்துகொள்வாள் என்றேன். அந்தப் பெண் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாசிப்பு முடிந்து நான் கதிரைகளை அடுக்கும்போது அவர் கூட வந்து அடுக்கினார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கும்படி பேசினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அவருடைய தகப்பனைப் பாரிஸில் வைத்துப் பிடித்து நாஜி முகாமுக்கு ரயிலில் ஏற்றியிருக்கிறார்கள். யூதர்கள் இறந்தவர்களை நினைத்துச் செபிக்கும்போது பெயர் சொல்லிச் செபிப்பார்களாம். அவருடைய தாய் மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். சொன்னால் அவர் இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் என்று பயம். வீட்டிலும் சொல்லவில்லை. அப்படிக் காத்திருந்தே அந்தத் தாயும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கடைசியாகச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "அப்பாண்ட பேரை நான் கடுதாசியிலதான் வாசிச்சனான். அம்மாண்ட வாயில அது எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். நீ இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிக் கதிரையைச் சுவரோடு வைத்துவிட்டு மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. யார் கேட்டார்கள் உன் கதையை என்று மனதுக்குள் திட்டினேன்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே ரயில் ஓடும் பாலத்துக்குக் கீழே வீட்டை நோக்கி நடந்தேன். அவள் கீறிய படத்தைப் பற்றி ஏதோ பாதிப் பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் கோபமில்லாத முகம் என்னை விடவில்லை. தலைக்கு மேல் ரயில் ஒன்று இரைந்து போனது. அந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது என்ற துணிவில் நான் கணவருடைய பெயரைச் சொன்னேன். பெரிய பாவம் ஒன்றைச் செய்துவிட்டது போல் நடையை நிறுத்தினேன்.

"என்ன அம்மா?" என்றாள் மகள்.

ரயில் போய்விட்டிருந்தது. குனிந்து அவள் முகத்துக்கு நேரே, இந்தமுறை சத்தமாகச் சொன்னேன்.

"அது ஆர்?"

"உன்ர அப்பா."

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "அப்பாவுக்கும் பேர் இருக்கோ?" என்றாள்.

பாலத்துக்குக் கீழே ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் அந்த இடத்திலேயே நின்று அழுதேன். அவரைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு ஊரிலும் அழுதிருக்கிறேன், ஆனால் அப்படி அழுததில்லை. அவரை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று எண்ணி, பெற்ற பிள்ளைக்கு அவரை ஒரு ஆளாகவே இல்லாமல் ஆக்கியிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. மகள் பயந்துபோய், என்னைத் தேற்றுவதாக நினைத்து, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இடையில் வரும் 'ர'வைப் பிரெஞ்சுக்காரர் போலத் தொண்டைக்குள் உருட்டினாள். நான் திருத்தவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் பெயர் வாசித்தார்கள். நான்தான் கொடுத்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். புதன்கிழமை வட்டத்துக்கும் தொடர்ந்து போனேன். கடவுளின் பெயர் வரும் இடத்தில் நானும் எல்லோரையும் போல 'ஆண்டவர்' என்று வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

அவர் இன்றுவரை வரவில்லை. நான் பெயரைச் சொன்னதால்தான் வரவில்லையோ என்ற பழைய பயம், எத்தனை வயதானாலும், சில நாள் வந்து எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் என் மகளிடம் உன் அப்பா பெயர் என்ன என்று யாராவது கேட்டால், எந்தக் கடுதாசியையும் தேடாமல், என் வாயில் கேட்டபடியே அவளால் சொல்ல முடிகிறது; அந்த ஒன்றை நினைத்துத்தான் நான் மனம் ஆறுகிறேன்.