தேடியவர்களுக்குக் கிடைக்காத பக்கம்

போன மாதம் பினாங்கு கெலுகோரில், சிவபாலன் அண்ணன் வீட்டில் இருந்தேன். கனடாவிலிருந்து ஓர் இமெயில் வந்திருந்தது. எழுதியவள் அவருடைய அக்கா மகள். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா புவனம் பினாங்கில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அங்கே சண்டை முற்றியதும் கடிதம் நின்றுபோனது. இங்கே அண்ணனும் வீடு மாறிவிட்டார். அக்கா எந்த நாட்டில் இருக்கிறார்... இருக்கிறாரா? ஒன்றும் தெரியாது.

இன்டர்நெட் வந்ததும் அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை. கம்ப்யூட்டர் கடையில் சொல்லி ஒரு வெப் பக்கம் செய்தார். மேலே குடும்பப் போட்டோ. கீழே அக்கா பெயர், அப்பா பெயர், முகவரி — எல்லாம் கைப்பட எழுதி, ஸ்கேன் செய்து போட்டார்.

"என் கையெழுத்தப் பாத்தா அக்காவுக்குத் தெரிஞ்சிரும்லா" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகள் மாலதி, லீவில் வந்தபோது பக்கத்தைத் திறந்தாள்.

"அப்பா, இதுல அத்தை பேரே இல்லையே."

"இருக்கே. நல்லாப் பாரு."

"நமக்கு இருக்கு. சர்ச் என்ஜினுக்கு இது வெறும் படம்பா. அதுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தோட டைட்டில் என்ன தெரியுமா? 'நியூ பேஜ் ஒன்'. கம்ப்யூட்டர் தானா வெக்கிற பேரு."

பக்கத்துக்குப் பின்னால், நம் கண்ணில் படாத சில வரிகள் உண்டாம். இது எதைப் பற்றியது, எந்தச் சொல்லைத் தேடினால் இதைக் காட்டலாம் என்று தேடும் இயந்திரத்துக்குச் சொல்லும் வரிகள். மெட்டா டேக் என்கிறார்கள். அண்ணன் பக்கத்தில் அந்த இடம் காலி. மாலதி அங்கே பெயர்களையும் ஊர்களையும் எழுதினாள். அப்பா கையால் எழுதியிருந்ததையும் டைப் செய்து போட்டாள்.

சில வாரங்களில் வந்ததுதான் அந்த இமெயில்.

கனடாவில் அவர்களும் இன்டர்நெட்டில் தேடியிருக்கிறார்கள். அண்ணன் பெயரையும் பினாங்கையும் போட்டுப் பலமுறை தேடியும் ஒன்றும் வரவில்லை. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று போன தைப்பூசத்துக்கு அக்கா பினாங்குக்கே வந்திருக்கிறார். பழைய வீட்டில் வேறு ஆட்கள். டெலிபோன் புத்தகத்திலும் இவர் பெயர் இல்லை — லைன் மனைவி பெயரில். தைப்பூசக் கூட்டம் கூடும் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நின்று, போகிற முகங்களை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஊர் போனதும் பக்கவாதம். பேச்சு போய்விட்டது.

"நானும் அங்கதானே இருந்தேன்... தண்ணீர்ப் பந்தல்ல" என்றார் அண்ணன். என்னிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் கனடாவுக்குப் போன் போட்டார். அக்கா மகள் ரிசீவரை அம்மா காதில் வைத்தாள். இவர் பேசினார், பேசினார்... அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய? அக்கா பார்க்கவேண்டும் என்று செய்த பக்கம். அக்காவுக்கு முன்னால் ஓர் இயந்திரம் வந்து பார்க்கும் என்று யாருக்குத் தோன்றும்?

யாரையாவது தேடுகிறீர்களா? பெயரைப் படமாகப் போடாதீர்கள். எழுத்தாகப் போடுங்கள்.