மாப்பிள்ளை ஊர்வலக் காரின் ஹீட்டர்

கார் ஹீட்டர் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் காருக்குள் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். மலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், மடக்கி வைக்கிற கூரை, முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் குந்துவதற்கு ஒரு பலகை. பட்டுக்கடை முதலாளி ஒருவர் வாங்கி வந்திருந்தார். திறந்த கார் என்பதால் ஊரில் யார் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான் போகும். அறுபதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம் அதில் கோட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை நான்.

நான் மெட்ராஸில் வெளிநாட்டுக் கார்கள் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்த சித்தப்பாதான் பெரிய காஞ்சிபுரத்தில் பெண் பார்த்தார். பெண்ணின் அப்பா தறி போட்டுப் பட்டு நெய்து விற்கிறவர். அந்த வீட்டில் கை கழுவாமல் யாரும் நூலைத் தொட மாட்டார்கள். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை பட்டால் புடவையே போச்சு. கரிக்கைக்காரனுக்கு அங்கே பெண் கிடைக்காது என்று தெரிந்து, சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் 'மோட்டார் கம்பெனியில ஆபீசர்' என்று அடித்துவிட்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபிறகுதான் எனக்கே தெரியும். கத்தினேன். "கல்யாணம் முடியட்டும்பா, அப்பறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ சொம்மா இரு" என்றார். மண்ணெண்ணெயும் புளியும் போட்டு என் கையைத் தோல் உரியத் தேய்க்க வைத்தார். பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளையார் கோயிலில் ஊர்வலம் கிளம்பி நாலு வீடு தாண்டவில்லை, காலில் அனல் அடித்தது. ஷூவுக்குள் பாதம் வேகிறது.

"இன்னா டிரைவர், இப்படி சுடுது?"

"அது அப்படித்தான் சார். எல்லா மாப்பிள்ளையும் இதத்தான் சொல்றாங்க. இஞ்சின் சூடு."

என்ஜின் சூடாவது, மண்ணாங்கட்டியாவது! டாஷ்போர்டில் ஹீட்டர் குமிழ் இருந்தது. இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று கையோடு வந்தது. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, என்ஜினிலிருந்து ஹீட்டருக்கு வெந்நீர் விடுகிற குழாய் திறந்தே கிடக்கிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் ஆபீசருக்கு அதெல்லாம் தெரியக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் கும்பிட்டபடி போனேன்.

ராஜ வீதி திரும்பும்போது ஷூ மேல் வெந்நீர் சொட்டியது. முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்தது. ஹீட்டரே ஓட்டை. இருக்கிற தண்ணீரெல்லாம் அதன் வழியாக ஒழுகி, சூட்டுமானி முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். முன்னால் புஸ்ஸென்று சீறியது. டிரைவர் இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி, துண்டைக் கையில் சுற்றி, ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை வைத்தார். அந்த நேரத்தில் திறந்தால் கொதிநீர் நேராக முகத்தில்தான் அடிக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி வெந்துபோன முகம் ஒன்றைப் பார்த்தவன் நான்.

"கைய எட்றா!" என்று கத்திக்கொண்டு குதித்தேன்.

"அய்யய்யோ, மாப்பிள்ளை பாதி வழியில எறங்கக் கூடாதுமா!" என்று கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள். இறங்கியாயிற்று. மாலையையும் கோட்டையும் கழற்றி சீட்டில் எறிந்தேன். ஆவி அடங்கும்வரை நின்றேன். ஹீட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸையும் திரும்பி வருகிற ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சுட்டன. தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இரண்டையும் அடைத்தால்தான் தீரும். காரில் பூச்சரம் கட்டியிருந்த கம்பியை உருவி, ஹோஸ்களை மடித்து இறுக்கினேன். எதிர் வீட்டில் குடத்தில் தண்ணீர் வாங்கி, என்ஜினை ஓடவிட்டு மெதுவாக ஊற்றினேன். நாதஸ்வரம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

"சார், இன்னா சுளுவா பண்ணிட்டீங்க! இந்த ஊரு மெக்கானிக்குங்க இத்த தொடவே பயப்படுவாங்க" என்றார் டிரைவர். பாவம், வாயாரப் புகழ்ந்தார்.

"ஆபீசர்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும் இல்ல?" என்று சித்தப்பா சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முழங்கைவரை கரி.

"இன்னா வேலைபா செய்ற நீ?"

கெஞ்சலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "மெக்கானிக். திருட்டு வேலை ஒண்ணும் இல்லையே?" என்றேன்.

"பொய் சொல்லி பொண்ணு கேட்டீங்களே, அது இன்னாவாம்?" என்று கையை விட்டார். ஊர்வலம் அந்த இடத்தோடு கலைந்தது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும், வைத்துக்கொள்ளட்டும். அந்த டிரைவரின் முகம் வெந்திருந்தால் என் கல்யாணம் நடந்திருக்கும். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

குறித்த முகூர்த்தத்தை விட மாட்டார்கள். பக்கத்து ஊரான தாமலிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் மகனை விடிந்ததும் மணையில் உட்காரவைத்து, தாலி கட்ட வைத்தார்கள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். வெள்ளைக் கை.

அதே ஊரில் இருந்த சித்தப்பா வீட்டில் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தேன். டிரைவர் வந்து நின்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் காமாட்சி கோயிலுக்குப் போக வேண்டுமாம். மடித்த ஹோஸ் நழுவி மறுபடியும் வெந்நீர் ஒழுகுகிறதாம்.

"நீங்க வரலைன்னா முதலாளி என்னை வேலையவுட்டுத் தூக்கிடுவாரு சார். வேற யாரு இருக்குறாங்க சொல்லுங்க?" என்று அழாக்குறையாக நின்றார்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மானம் ரோஷம் இல்லியாடா உனக்கு?" என்றார். மானத்தைப் பற்றி அவர் பேசினார்! நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபத்து வாசலில் கார் நின்றது. சைக்கிள் கடையில் கிடைத்த ஒரு துண்டுக் குழாயை இரண்டு ஹோஸுக்கும் நடுவில் செருகி, கவ்விகளை முறுக்கி, ஹீட்டரையே வழியிலிருந்து விலக்கினேன். என்ஜினை ஓடவிட்டு, உள்ளே குனிந்து கையால் தடவினேன். சொட்டு இல்லை. அனல் இல்லை. நான் நிமிர்வதற்குள் மேளத்தோடு வந்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் போயிருந்தது. "நல்லா பாத்துட்டியாபா? புடவையில ஒண்ணும் படாதே?" என்றார், யாரோ ஒரு மெக்கானிக்கிடம் கேட்பதைப்போல. தலையாட்டினேன். அவர் ஒரு புதுத் துண்டை எடுத்து, நான் நேற்று உட்கார்ந்திருந்த சீட்டின்மேல் விரித்தார்.

புடவை கசங்கும் என்று பெண்ணை முன்னால் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை பின்னால் பலகையில் குந்திக்கொண்டான். நான் கரிக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

"காலு சுடுதாம்மா?" என்று அவள் அப்பா குனிந்து கேட்டார்.

"இல்லப்பா, நல்லா இருக்குது" என்றாள். அவள் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.