கால்குலேட்டரின் நெற்றி

எங்கள் நிச்சயதார்த்தத்தில் என் அப்பா மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார். நான் என் முதல் சம்பளத்தில் ஒரு கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தேன். மோதிரம் இப்போது அவருடைய சுண்டு விரலில்கூட ஏறுவதில்லை. கால்குலேட்டரோ மாட்டுங்காவில் நாங்கள் குடித்தனம் வைத்த நாளிலிருந்து அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. வெளிச்சத்திலேயே ஓடுவது, பேட்டரி கேட்காது. பன்னிரண்டைப் பத்தால் பெருக்க வேண்டுமென்றாலும் மனுஷர் அதைத்தான் தட்டுவார்.

ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், அரிவாள்மணை, மிக்ஸியோடு அதுவும் பலகையில் ஏறும். வருஷா வருஷம் பொட்டு வைப்பது நான். இந்த வருஷம் முட்டி வலியில் கீழே உட்கார முடியாமல் உள்ளே படுத்துவிட்டேன், இவரே வைத்தார். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறுநாள் விஜயதசமி. பலகையிலிருந்து எடுத்துத் தட்டினால் பேச்சு மூச்சு இல்லை. எதிரே எழும்பும் டவர் நம் வெயிலைத் தின்றுவிட்டது என்று பில்டரைத் திட்டினார். வடாம் காயப்போடுவதுபோல் பால்கனியில் வைத்துக் காக்காய் ஓட்டினார். வாஷியில் இருக்கும் பையன் போனில், "மொபைல்லயே எல்லாம் இருக்குப்பா. அந்த பேகார் சாமானை பங்கார்ல போட்டுடுங்கோ" என்றான்.

போட்டும் விட்டார். காயலான் சாமான் எடுக்கும் பங்கார்வாலாவுக்காகக் கட்டி வைத்த பழைய பேப்பருக்கு நடுவில் அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எங்கப்பா போட்ட மோதிரம் லாக்கர்ல இருக்கு. நான் குடுத்தது மட்டும் பங்காரா?"

"அதான் செத்துப் போச்சே. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

கையில் எடுத்தேன். எண்கள் தெரியும் கண்ணாடிக்கு மேலே, வெளிச்சம் வாங்குகிற கறுப்புப் பட்டை இருந்த இடத்தில் ஒரே சந்தனம். சுவர் பூசுகிற கணக்கில் பூசி, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வேறு.

"இங்க யாரு பொட்டு வெக்கச் சொன்னா?"

"அதுதானே நெத்தி? பொட்டை வேற எங்க வெப்பா?"

ஈரத்துணியால் துடைத்தேன். "பொட்டைத் துடைக்காதே" என்று பதறிக்கொண்டு கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியில் பூஜ்யம் வந்திருந்தது. சட்டென்று வாங்கிப் பன்னிரண்டைப் பத்தால் பெருக்கினார். நூற்றிருபது. ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"அப்போ இத்தனை வருஷம் நீ எங்கதான் வெச்சே?"

அதை வாங்கித் திருப்பிக் காட்டினேன். முதுகு முழுக்கச் சந்தனக் கறை, பொட்டின் மேல் பொட்டாக மஞ்சளேறிக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்த மனுஷர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.