வெள்ளைக் கோடு விழுந்த நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் படகேறி எறணாகுளம் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். உடம்பில் கொழுப்பை உடைக்கும் ஒரு நொதியை எலியின் ஈரலிலிருந்து பிரித்து முயலுக்கு ஊசி போடவேண்டும். அந்த நொதியை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி முயலின் ரத்தத்தில் உண்டாகவேண்டும். இரண்டு வருஷம் அந்த முயல்களோடு மாரடித்தேன். வீட்டில் எனக்கு 'முயல் டாக்டர்' என்று பட்டம்.

ஒருநாள் பலித்தது. கண்ணாடித் தட்டில் ஜெல்லி போல உறையும் கூழ் ஊற்றி, அதில் வெட்டிய ஒரு குழியில் ஈரல் சாறும் மற்றதில் முயல் ரத்தத்திலிருந்து தெளித்தெடுத்த சீரமும் விட்டிருந்தேன். நடுவே வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. நொதி இருந்தால்தான் அது விழும்.

குதித்துக்கொண்டு படகேறியவளுக்குப் பாதி வழியில் அக்காவின் மூத்த பிள்ளை நினைவு வந்துவிட்டது. எழுபதுகளில், இரண்டு வயதில் போனவன். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. இந்த வகை நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு என்று அப்போதுதான் படித்திருந்தேன். பார்க்க நன்றாக இருப்பார்கள். காய்ச்சலில் பட்டினி கிடந்தால் மட்டும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தூங்கியபடியே போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றாலே வயிற்றைக் காயப்போடுவதுதான் வழக்கம். அவனுக்கும் வெறும் சீரகத் தண்ணீர்தான். இப்படிப் போன குழந்தையைச் சோதித்துப் பார்க்கலாமா என்று பேராசிரியரிடம் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். ஈரலில் ஒரு துணுக்கு வேண்டும் என்றார். எரித்துவிட்ட பிள்ளையின் ஈரலுக்கு எங்கே போவேன்!

வீட்டுக்குள் நுழைந்தால், அக்காவின் நாலு வயதுப் பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து சீரகத் தண்ணீர் மட்டுமாம். கூடப்பிறந்தவனுக்கு இல்லையென்றால் இவளுக்கும் அந்த நொதி இல்லாமலிருக்கலாம். சர்க்கரை போட்டுக் கஞ்சி கொடு என்றேன். அக்கா மசியவில்லை. காய்ச்சல் விடாமல் ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணத்தைச் சொன்னால்தான் கொடுப்பாள். சொன்னால், பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொன்றவள் என்று ஆயுசுக்கும் தன்னையே தின்றுகொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் இவள்? சொல்லிவிட்டேன். பதமாகச் சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வாய் வந்ததில்லை.

"அவனுக்கும் அதுதானா? நிச்சயமா?" என்றாள்.

"தெரியாது அக்கா. இனிமே தெரிஞ்சுக்கவும் வழியில்லை."

அவள் அழவில்லை. அடுப்பில் கஞ்சி ஏற்றினாள். பின்னால் நின்று, அத்தனை வருஷம் மறைத்ததையும் கொட்டினேன். காய்ச்சலின்போது அவன் அழுகையை நிறுத்த நான்தான் கடைத்தெருவுக்குத் தூக்கிப் போனேன். தொங்கிய வாழைப்பழக் குலையைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

அவள் கஞ்சியை இறக்கினாள். பெண்ணை மடியில் சாய்த்து, ஊதி ஊதி, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். கிண்ணம் காலியானபின், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"என்கிட்டேயும் கேட்டான்டீ. ரெண்டு நாளும் கேட்டான்."